தாதாவின் கணக்குப் புத்தகம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1951 மார்ச் மாதம். நியூயார்க்கில் அமெரிக்க செனட் குழு ஒன்று விசாரணை நடத்துகிறது. குழுவின் தலைவர் எஸ்டெஸ் கெஃபாவர். நாட்டில் கூட்டமாகச் சேர்ந்து நடத்தப்படும் குற்றத் தொழில்கள் யார் கையில் இருக்கின்றன, அவற்றுக்கு யார் துணை போகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்டுவந்த குழு அது. தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்த காலம். விசாரணை நேரடியாக ஒளிபரப்பாகிறது. அன்றைக்குச் சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்தவர் நியூயார்க் தாதா ஃபிராங்க் காஸ்டெல்லோ. அவருடைய முகத்தைக் காட்டக் கூடாது என்று வழக்கறிஞர் ஆட்சேபித்தார், குழுவும் ஒப்புக்கொண்டது. கேமரா கீழே இறங்கி அவருடைய கைகளை மட்டும் காட்டியது. கைக்குட்டையைக் கசக்கும் விரல்கள், முகமில்லாமல் ஒரு கரகரத்த குரல். லட்சக்கணக்கானவர்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரலை நாமும் கேட்டிருக்கிறோம். 1972-ல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தில் விட்டோ கார்லியோனாக நடித்த மார்லன் பிராண்டோ, அந்த விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் தன் பேச்சை அமைத்துக்கொண்டார் என்பது சினிமா வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. அதற்குப் பிறகு உலகத்தில் எந்த மொழியில் தாதா வேடம் போட்டாலும் நடிகர் தொண்டையைத் தாழ்த்திக்கொள்கிறார். கத்துகிறவன் அடியாள், மெதுவாகப் பேசுகிறவன் தலைவன் என்று நமக்குப் பழகிவிட்டது.

எழுத்தாளர்களும் இயக்குநர்களும் நிஜ தாதாக்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை எடுக்காமல் விட்டார்கள் என்பதே இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரலை எடுத்தார்கள், உடையை எடுத்தார்கள், தான தருமத்தை எடுத்தார்கள், குடும்பப் பாசத்தை எடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பணம் யார் மடியிலிருந்து வந்தது, யார் யாருக்கு மாமூலாகப் போனது என்ற அந்த இரண்டு பத்திகள் கதையில் இல்லை. ஆனால் அந்த மனிதர்களின் நிஜ வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு பத்திகளுக்குள்தான் இருக்கிறது.

காஸ்டெல்லோவையே பார்ப்போம். 1891-ல் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் பிறந்தவர். சிறு வயதில் நியூயார்க் வந்தார். மதுவிலக்குக் காலத்தில் சாராயத்தில் பணம் பார்த்தார். பிறகு, காசு போட்டு இழுக்கிற சூதாட்ட இயந்திரங்கள். 1934-ல் மேயர் லா கார்டியா அந்த இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்து நீரில் கொட்டியபோது, தொழிலை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோனார். துப்பாக்கி தூக்கியவர் என்று அவரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பெரிய இடங்களில் ஆள் வைத்திருப்பவர் என்பதுதான் அவருடைய பெயர். நிழல் உலகத்தின் பிரதமர் என்று பத்திரிகைகள் எழுதின.

1943-ல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காஸ்டெல்லோவின் தொலைபேசியை அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை தாமஸ் அரேலியோ என்ற மாஜிஸ்திரேட் அழைக்கிறார். நியூயார்க் மாநில உயர்மட்ட நீதிமன்றத்தின் நீதிபதி பதவிக்கு அவரைக் கட்சி வேட்பாளராக நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் அழைப்பு. தன் விசுவாசம் என்றைக்கும் மாறாது என்று ஒரு நீதிபதி, சூதாட்ட இயந்திர முதலாளியிடம் உறுதி சொல்கிறார். செய்தி வெளியே வந்து ஊரே நாறியது. அரேலியோவின் வழக்கறிஞர் உரிமையைப் பறிக்க எடுத்த முயற்சி பலிக்கவில்லை. தேர்தல் நடந்தது, வென்றார், நீதிபதி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இதையும் ‘காட்ஃபாதர்’ கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டோ கார்லியோனுக்கு நீதிபதிகளையும் அரசியல்வாதிகளையும் தெரியும் என்று கதை சொல்கிறது. அந்தச் செல்வாக்கில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மற்ற தலைவர்கள் கேட்கிறார்கள். ஒரு போலீஸ் கேப்டன் கைக்கூலி வாங்குகிறார், சுடப்பட்டுச் சாகிறார். அவ்வளவுதான். தொலைபேசியில் நன்றி சொல்லும் நீதிபதிக்கு ஒரு காட்சிகூட இல்லை. அவர் வந்திருந்தால், கல்யாண வீட்டின் இருட்டறையில் உட்கார்ந்து நியாயம் வழங்குகிற பெரியவரின் மேல் நமக்கு அந்த மரியாதை வந்திருக்காது. வெளியே நியாயம் கிடைக்காததால்தானே மக்கள் அவரிடம் வருகிறார்கள்? வெளியே நியாயம் கிடைக்காமல் போனதில் அவருக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துவிட்டால் அந்த அறையில் நமக்கு மூச்சு முட்டும்.

மாரியோ பூஸோ நேர்மையான எழுத்தாளர். தான் அந்த நாவலை எழுதும்வரை ஒரு மாஃபியாக்காரரைக்கூட நேரில் சந்தித்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன் என்று பின்னால் அவரே எழுதினார். அதற்கு முன் இரண்டு நாவல்கள் எழுதியிருந்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், புத்தகம் விற்கவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. விற்கிற மாதிரி ஒன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். 1969-ல் ‘காட்ஃபாதர்’ வந்தது. காஸ்டெல்லோவின் அரசியல் செல்வாக்கு, இன்னும் சில தலைவர்களின் வாழ்க்கையிலிருந்து சில துண்டுகள், விட்டோ ஜெனோவேஸ் என்ற பெரிய தலையின் முதல் பெயர், சிசிலியில் உள்ள ஓர் ஊரின் பெயர், எல்லாம் சேர்ந்தன. ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் எங்கிருந்து வந்தது? கார்லியோன் வாய் திறக்கும்போதெல்லாம் தன் காதில் விழுந்தது அம்மாவின் குரல்தான் என்று பூஸோ சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாமல் கடல் கடந்து வந்து, நியூயார்க்கின் ஏழைத் தெருவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய். அவருடைய உலக அறிவு, அவருடைய கண்டிப்பு, குடும்பத்துக்காக எதையும் தாங்கும் வைராக்கியம்.

இதைப் படித்த பிறகு அந்த நாவல் எனக்கு வேறொன்றாகத் தெரிகிறது. நாம் கொண்டாடியது ஒரு தாயை. ஆனால் அந்த மரியாதை போய்ச் சேர்ந்த இடம் ஜெனோவேஸ் போன்றவர்களின் வாசல். போதைப்பொருள் வியாபாரத்தில் கைவைக்க மாட்டேன் என்று கதையில் விட்டோ மறுக்கிறார். கதையின் பெரும்பாலான சாவுகள் அந்த மறுப்பிலிருந்து தொடங்குகின்றன. நிஜ விட்டோவான ஜெனோவேஸ் 1959-ல் தண்டிக்கப்பட்டது போதைப்பொருள் வழக்கில். 15 ஆண்டுத் தண்டனை. நாவல் வெளிவந்த அதே 1969-ல் சிறைக் கைதியாகவே இறந்துபோனார்.

கதை திரும்பிப் போய் நிஜத்தைத் தொட்டதும் உண்டு. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, ஜோசப் கொலம்போ என்ற நியூயார்க் மாஃபியா தலைவர், இத்தாலிய அமெரிக்கர்களின் மானத்தைக் காக்கிறேன் என்று 1970-ல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். படத்துக்கு எதிர்ப்பு. கடைசியில் தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரட்டி அவருடன் பேசி, ‘மாஃபியா’ என்ற சொல்லையே திரைக்கதையிலிருந்து எடுத்துவிட ஒப்புக்கொண்டார். மாஃபியாவைப் பற்றிய படத்தில் அந்தச் சொல் கிடையாது. எடுக்கச் சொன்னவர் ஒரு மாஃபியா தலைவர். 1971 ஜூன் 28 அன்று, அந்தச் சங்கத்தின் பேரணியிலேயே கொலம்போ சுடப்பட்டார். உடல் செயலிழந்து ஏழு ஆண்டு கிடந்து இறந்தார். இன்னொருவர் சாமி கிரவானோ என்ற மாஃபியாக்காரர். 19 கொலைகளில் தனக்குப் பங்கு உண்டு என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டவர். இளைஞனாக அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போய் வெளியே வந்ததாகவும், அது தங்கள் வாழ்க்கையாகவே தோன்றியதாகவும் சொன்னார். தெருவில் ஆள் வெட்டுகிறவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு காவியம் கிடைத்துவிட்டது. நாம் ஒரு கதை என்று நினைத்துப் பார்த்ததை அவன் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டான்.

கணக்குப் புத்தகம் என்றேன். அது வெறும் உவமை இல்லை. நிஜமாகவே ஒரு புத்தகம் இருந்தது. சிகாகோவின் அல் கபோனைக் கொலை வழக்கில் யாராலும் பிடிக்க முடியவில்லை. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிராங்க் வில்சன் என்ற வருமானவரி அதிகாரி பழைய காகிதங்களைக் கிளறத் தொடங்கினார். 1926-ல் சிசரோ என்ற புறநகரில் ஒரு சூதாட்ட விடுதியைச் சோதனை போட்டபோது எடுத்த பேரேடு ஒன்று, கேட்பாரற்று அலமாரிக்குள் கிடந்தது. அதில் கையெழுத்து யாருடையது என்று தேடி, கணக்குப்பிள்ளையைப் புளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறை. துப்பாக்கியால் அசைக்க முடியாத ஒரு சாம்ராஜ்யம், குமாஸ்தா எழுதிய வரவு செலவில் விழுந்தது.

சினிமா இதை எப்படிச் சொன்னது? 1932-ல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ கபோனின் நிழல். கபோன் அதற்குள் தண்டனை பெற்றுவிட்டிருந்தார். ஆனால் படத்தின் நாயகன் டோனி போலீஸ் குண்டுக்குத்தான் இரையாகிறான். திரைக்கதை எழுதிய பென் ஹெக்ட் சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். நகரத்தின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர். கபோனின் ஆட்கள் இருவர் தன் அறைக்கு வந்து, இது எங்கள் தலைவரைப் பற்றிய கதையா என்று கேட்டதாகவும், இல்லை என்று சமாளித்து அனுப்பியதாகவும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1987-ல் வந்த ‘தி அன்டச்சபிள்ஸ்’ அந்தக் கணக்குப்பிள்ளையைத் திரையில் கொண்டுவந்தது. ஆனால் நமக்கு நினைவிருப்பது ரயில் நிலையப் படிக்கட்டில் நடக்கும் துப்பாக்கிச் சண்டையும் உருண்டு இறங்கும் குழந்தை வண்டியும்தான். பேரேட்டைப் புரட்டும் விரலை இரண்டு மணி நேரம் காட்ட முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பெரிய கலைஞனுக்கு அது சவாலாக இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி பம்பாய். அங்கேதான் இந்தக் கதை நம்முடையதாகிறது.

பம்பாய் மாகாணத்தில் 1949-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. 1960-களில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. குடிக்கிறவனும் குறையவில்லை, பெண்ணுக்கு நகை போடுகிறவனும் குறையவில்லை. சட்டம் அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் சந்து வழி திறந்தது. அந்தச் சந்துகளில் காவல் நின்ற இரண்டு பேர் நம் ஊர் மனிதர்கள். ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்தில் பிறந்து, துறைமுகத்தில் கூலியாக மூட்டை தூக்கி, தங்கக் கடத்தலில் உயர்ந்து, வெள்ளை உடையும் வெளிநாட்டுக் காருமாக வாழ்ந்தவர் ஹாஜி மஸ்தான். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டராகத் தொடங்கி, கள்ளச்சாராயத்தில் வளர்ந்து, தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாட்டுங்காவிலும் தனி ராஜ்ஜியம் நடத்தியவர் வரதராஜன் முதலியார். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் போட்ட விநாயகர் சதுர்த்திப் பந்தல் பம்பாய் முழுக்கப் பேசப்பட்டது.

1975-ல் சலீம்-ஜாவேத் இரட்டையர் எழுதிய ‘தீவார்’ இந்திப் படத்தின் துறைமுகக் கூலி விஜய், மஸ்தானின் சாயலில் உருவானவன் என்பார்கள். அந்தப் படம் 1981-ல் ‘தீ’ என்று ரஜினிகாந்த் நடிக்கத் தமிழுக்கு வந்தது. பனைக்குளத்திலிருந்து போன ஒரு வாழ்க்கை இந்தி பேசி, அமிதாப் பச்சனின் முகம் வாங்கி, மறுபடி தமிழ் பேசிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது. பனைக்குளத்துக்காரர்கள் அந்தப் படத்தை எந்த மனத்தோடு பார்த்தார்கள் என்று அறிய எனக்கு ஆசை உண்டு.

வரதராஜனின் சாயலைத் திரைக்குக் கொண்டுவந்தவர் மணிரத்னம். 1970-களின் நடுவில் பம்பாயில் நிர்வாகவியல் படித்தவர். அங்கிருந்த தமிழர்கள் வரதராஜனைத் தெய்வமாகப் பார்த்ததை அப்போது கண்டு வியந்ததாகச் சொல்லியிருக்கிறார். 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்தது. தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவியை, பி.சி. ஸ்ரீராமின் ஒளியை, இளையராஜாவின் இசையை, கமல்ஹாசனின் வேலு நாயக்கரை நான் இங்கே புகழ வேண்டியதில்லை. தமிழ் சினிமா தலை நிமிர்ந்த தருணங்களில் அது ஒன்று. வேலு நாயக்கர் முதுமையில் பேசும் அந்த அடங்கிய பேச்சில் என் காதுக்குப் பிராண்டோ கேட்கிறார். பிராண்டோவுக்குப் பின்னால் காஸ்டெல்லோ கேட்கிறார். கலாப்ரியாக்காரர் ஒருவரின் பழுதுபட்ட தொண்டை தாராவித் தமிழனுக்குக் கம்பீரமாக அமைந்துவிட்டது.

கணக்குக்கு வருவோம். வேலுவின் தொழில் என்று நம் மனத்தில் நிற்பது கடத்தல். கடலில் வந்து கரையில் இறங்கும் சரக்கு. அதில் நட்டப்படுகிறவர் யாரென்று கண்ணுக்குத் தெரியாது. சுங்க இலாகாதானே என்று விட்டுவிடலாம். வரதராஜனின் முதல் வருமானமோ கள்ளச்சாராயம். குடிசைக்குள் ஊறல் போட்டு, காய்ச்சி, கூலி வாங்கி வருகிற தமிழ்த் தொழிலாளிக்கே விற்ற சாராயம். அதாவது, யாருக்குக் கஷ்டம் என்று வந்தால் அவர் அள்ளிக் கொடுத்தாரோ, அந்த மக்களின் சட்டைப் பையிலிருந்துதான் அந்தப் பணம் வந்தது. பத்து ரூபாய் வாங்கி ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தால் அந்த ஒரு ரூபாய்க்குத் தெய்வம் என்று பெயர். கள்ளச்சாராயம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்த வீடுகளின் பெண்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். ‘நாயகன்’ படத்தில் அவர்கள் இல்லை. கூட்டத்தில் கைகூப்பி நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். புருஷன் குடித்துச் செத்தவள் இல்லை.

முடிவையும் பாருங்கள். வேலு நாயக்கர் நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி மக்கள் வெள்ளத்தின் நடுவே வருகையில் சுடப்பட்டுச் சாகிறார். தான் கொன்ற போலீஸ்காரரின் மகன் கையால். பாவமும் பரிகாரமும் ஒரே குண்டில் தீர்ந்துவிடுகின்றன. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். வரதராஜனுக்கு அப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை. 1980-களில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி சாராய அடுப்புகளையும் சூதாட்ட இடங்களையும் ஒவ்வொன்றாக மூடினார். வருமானம் வற்றியது, ஆட்கள் சிதறினார்கள், வரதராஜன் பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்தார். படம் வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகாத 1988 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். ‘தீவார்’ விஜய் தாய் மடியில் குண்டுக் காயத்தோடு சாகிறான்; மஸ்தான் 1994-ல் மாரடைப்பில் இறந்தார். காஸ்டெல்லோவை 1957-ல் சுட்டார்கள், தலையை உரசிக்கொண்டு போனது குண்டு. சுட்டவரை அடையாளம் தெரியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு, ஒதுங்கி வாழ்ந்து, 1973-ல் நோயில் இறந்தார். இந்த ஒன்றில் மட்டும் பூஸோ நிஜத்தை ஒட்டி நடந்திருக்கிறார்: கார்லியோனும் சுடப்பட்டுப் பிழைத்து, தோட்டத்தில் பேரப் பிள்ளையோடு இருக்கையில் இயற்கையாகவே சாகிறார். மற்ற கதைகளில் எல்லாம் குண்டு வந்துதான் தீர்ப்பு எழுதுகிறது. வாழ்க்கையில் தீர்ப்பு எழுதியவர்கள் வரி அதிகாரியும் சாராய அடுப்பை அணைத்த அதிகாரியும்.

கடைசியாக ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்லியோன் என்பது பூஸோ கற்பனை செய்த பெயர் இல்லை. சிசிலியில் பலேர்மோவுக்குத் தெற்கே இருக்கிற நிஜ ஊர் அது. படத்தின் சிசிலிக் காட்சிகளைக்கூட அங்கே எடுக்கவில்லை. சவோகா, ஃபோர்ஸா தாக்ரோ என்ற வேறு இரண்டு சிற்றூர்களில் எடுத்தார்கள். நிஜ கார்லியோனில் 1948-ல் பிளாசிடோ ரிஸோட்டோ என்ற இளைஞர் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தார். பெரும் பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை ஏழை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போராடினார். பண்ணைகளின் காவல் மாஃபியாவின் கையில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 10 இரவு அவரைக் கடத்திக் கொன்று மலைப் பிளவுக்குள் வீசினார்கள். அதைப் பார்த்துவிட்டதாகச் சொல்லப்பட்ட 13 வயது இடையச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தான். அங்கே ஊசி போட்ட பின் இறந்துபோனான். அந்த மருத்துவமனையின் தலைவர் டாக்டர் மிக்கேலே நவர்ரா. ஊர் மாஃபியாவின் தலைவரும் அவர்தான். ரிஸோட்டோவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட லூச்சியானோ லெஜ்ஜோ, சாட்சியம் போதாது என்று விடுதலையானார். பிறகு நவர்ராவையே கொன்றுவிட்டுத் தலைமையைப் பிடித்தார். கார்லியோன் பெரியவர்களின் நிஜ வரலாறு இது.

ரிஸோட்டோவின் இடத்துக்குத் தொழிற்சங்கம் வேறோர் இளைஞரை அனுப்பியது. பெயர் பியோ லா தோர்ரே. முந்தியவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்தே போனார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். மாஃபியாவில் இருப்பதே குற்றம், அதன் சொத்துகளை அரசு பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார். கணக்குப் புத்தகத்தில் கை வைத்தார் என்று சொல்லலாம். 1982 ஏப்ரல் 30 அன்று பலேர்மோவில் அவரையும் அவருடைய ஓட்டுநரையும் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 3 அன்று தல்லா கியேசா என்ற தளபதியைக் கொன்றார்கள். இளம் அதிகாரியாக இருந்தபோது ரிஸோட்டோ வழக்கைத் துப்புத் துலக்கியவர் அவர். அடுத்த பத்தாவது நாள் இத்தாலிய நாடாளுமன்றம் லா தோர்ரேயின் சட்டத்தை நிறைவேற்றியது. 1996-ல், அப்படிப் பறிமுதல் செய்த நிலங்களைப் பொதுநலனுக்குக் கொடுக்க இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி 2001-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். கோதுமையும் திராட்சையும் விளைவிக்கிறார்கள். சங்கத்தின் பெயர் பிளாசிடோ ரிஸோட்டோ. மலைப் பிளவில் கிடைத்த எலும்புகள் அவருடையவைதான் என்று 2012-ல் மரபணுச் சோதனையில் உறுதியானது. 64 ஆண்டுகளுக்குப் பிறகு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

விட்டோ கார்லியோனை அறியாத தமிழ் சினிமா ரசிகர் அநேகமாக இல்லை. அதே ஊரின் ரிஸோட்டோவையும் லா தோர்ரேயையும் இந்த அரங்கில் எத்தனை பேர் முன்பே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இங்கே எழுதுகிற இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். தாதாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, எழுதுங்கள். எழுதும்போது அவருக்கு மாமூல் வாங்குகிற அதிகாரியின் வீட்டுக்கும் ஒரு காட்சி கொடுங்கள். அவர் விற்ற சாராயத்தைக் குடித்தவனின் மனைவிக்குப் பேச நான்கு வரி கொடுங்கள். கார்லியோனுக்குப் போன அந்த இரண்டாவது இளைஞனை மையமாக வைத்து யாராவது தமிழில் ஒரு நாவல் எழுதினால், முதல் படியை வாங்க நான் காத்திருக்கிறேன்.